ஓட்டமா, பளுவா? ரெய்டரின் தொடைக்கு எது வேண்டும்?

குன்றக்குடி_ரெய்டர்:

வணக்கம். காரைக்குடியில் கல்லூரியில் படிக்கிறேன், எங்கள் ஊர்க் கபடி அணியில் ரெய்டர். எடை 68 கிலோ. பொங்கலை ஒட்டி வரிசையாகப் போட்டிகள் வரும் என்பதால் ஆடி முடிந்ததிலிருந்தே தயாராகி வருகிறேன். காலையில் கோவிலூர் பக்கம் 8 கிலோமீட்டர் ஓட்டம். ஓடி முடித்த கையோடு ஜிம்முக்குப் போய் ஸ்குவாட், டெட்லிஃப்ட். மாலையில் மைதானம்.

ஆரம்பத்தில் ஸ்குவாட் எடை வாராவாரம் ஏறியது, இப்போது நின்றுவிட்டது. மூச்சுக்குக் குறையில்லை, கடைசி நிமிடம் வரை பாடிப் போக முடிகிறது. ஆனால் தொட்டுவிட்டுத் திரும்பும்போது வேண்டிய அந்த முதல் பாய்ச்சல் மந்தமாகிவிட்டது. ஓட்டத்தை விடு என்கிறார் ஜிம் அண்ணன். கூட்டு என்கிறார் எங்கள் பயிற்சியாளர். யார் பேச்சைக் கேட்பது?

பள்ளத்தூர்_ஜிம்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? ஓட்டம் தசையைத் தின்றுவிடும். மாரத்தான் ஓடுகிறவர் காலையும் 100 மீட்டர் ஓடுகிறவர் தொடையையும் பார்த்தாலே தெரியும். ஓட்டத்தை நிறுத்து, புரோட்டீன் பவுடர் ஆரம்பி. மறுநாள் வலி வருகிற அளவுக்கு அடி, லாக்டிக் ஆசிட் சேர்ந்தால்தான் தசை ஏறும்.

ஓய்வு_பிடி_சார்:

ஓட்டத்தை நிறுத்தினால் இரண்டாம் பாதியில் நாக்கு தள்ளும். எங்கள் காலத்தில் ஊருணியைச் சுற்றி ஓடினோம், இளவட்டக்கல் தூக்கினோம், ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் விடிய விடிய ஆடினோம். யாரும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. தம்பி, 8-ஐ 10 ஆக்கு. பாய்ச்சல் தானாக வரும்.

மைட்டோ_மணி:

உடற்பயிற்சி உடலியங்கியல் படித்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தம்பி சொன்ன "ஆரம்பத்தில் ஏறியது, இப்போது நின்றுவிட்டது". முதல் சில வாரங்களில் ஏறும் பலத்தில் பெரும்பங்கு தசை பருத்ததால் வருவதில்லை, நரம்பு பழகுவதால் வருவது. ஒரு நரம்பு செல்லும் அது இயக்கும் தசை இழைகளும் சேர்ந்து ஓர் அலகு. பழக்கமில்லாதவர் முழு மூச்சாகத் தூக்கினாலும் பெரிய அலகுகள் எல்லாம் ஒரே நேரத்தில், போதிய வேகத்தில் இயங்குவதில்லை. பயிற்சி அதைச் சரிசெய்கிறது. இழையே தடிப்பது அதன் பிறகுதான் கண்ணில் படும். ஆகவே அந்த முதல் ஏற்றம் எல்லாருக்கும் வருவதுதான். அது முடிந்த இடத்தில் நிஜமான வேலை ஆரம்பிக்கிறது.

அடுத்தது இழை. நம் கைகால் தசைகளில் பெரிய பிரிவாக மூன்று: மெது இழை, களைப்பைத் தாங்கும் வேக இழை, சீக்கிரம் களைக்கும் அதிவேக இழை. புத்தகத்தில் டைப் 1, 2ஏ, 2எக்ஸ். சாதாரண ஆளுக்குத் தொடையில் மெதுவும் வேகமும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. உலகத் தர நெடுந்தூர ஓட்டக்காரர்களின் கெண்டைக்காலில் மெது இழை 80 சதவீத அளவில்கூட இருந்திருக்கிறது. மாரத்தான் காலையும் 100 மீட்டர் தொடையையும் பள்ளத்தூர் அண்ணன் ஒப்பிட்டாரே, அந்த வேறுபாட்டில் பிறவிக்கும் பெரிய பங்கு உண்டு. அதை வைத்து மட்டும் ஓட்டம் தசையைத் தின்னும் என்று சொல்லிவிட முடியாது.

ஓட்டம் செய்வது வேறு வேலை. 1967-இல் ஜான் ஹாலோசி எலிகளை வாரக்கணக்கில் டிரெட்மில்லில் ஓடவைத்துப் பார்த்தார். ஆக்சிஜனை வைத்து ஆற்றல் எடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியிருந்தது. மனிதர்களிலும் அதே திசைதான், அளவு குறைவு. அதோடு இழைகளைச் சுற்றி நுண்ணிய ரத்தக் குழாய்களான தந்துகிகள் பெருகும். 8 வாரச் சைக்கிள் பயிற்சியில் தந்துகிகளின் அடர்த்தி சுமார் 20 சதவீதம் கூடியதாக 1977-இல் ஓர் ஆய்வு காட்டியது. தம்பிக்குக் கடைசி நிமிடம் வரை மூச்சு தாங்குவது இதனால்தான்.

ஓய்வு_பிடி_சார்:

எலிக்குக் கபடி தெரியாது மணி.

மைட்டோ_மணி:

சரி சார், மனிதர்களுக்கே வருவோம். 1966-இல் பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்று ஸ்வீடனில் இருவர் தங்களையே சோதித்துக்கொண்டார்கள். ஒரே சைக்கிளுக்கு இருபுறமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைத்துப்போகும்வரை மிதித்தார்கள். அப்புறம் மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. ஊசியால் இரண்டு தொடையிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால், மிதித்த காலில் கிளைகோஜன், அதாவது தசை சேமித்துவைக்கும் மாவுச்சத்து, சும்மா இருந்த காலைவிட இரண்டு மடங்கு. ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு, ஆனால் வேலை செய்த கால்தான் சேமித்துக்கொண்டது.

தம்பி கேட்ட கேள்விக்கு அடிப்படை இது. எந்தத் தசை, எந்த இழை, எந்த விதமான வேலையைச் செய்ததோ அது மட்டும், அந்த வேலைக்கு ஏற்ற மாதிரி மாறும். 8 கிலோமீட்டர் நிதான ஓட்டத்தில் அதிவேக இழைகளுக்கு அநேகமாக வேலையே இல்லை. சிறிய அலகுகள் முதலில், தேவை கூடினால்தான் பெரியவை, இதுதான் வரிசை. 10 ஆக்கினாலும் அவற்றைக் கூப்பிடப்போவதில்லை. நீங்கள் இளவட்டக்கல் தூக்கினீர்களே சார், அதுதான் அவற்றைக் கூப்பிட்டது.

தேவகோட்டை_ஆச்சி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் கபடி ஆடியதில்லை, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவள். எங்கள் அப்பச்சி காலத்திலிருந்தே வீட்டில் காவடிக்காரர்கள் உண்டு. குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் போய், நடந்தே திரும்புவார்கள். எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். மலை ஏறும்போது மூச்சு வாங்குகிறதே தவிர மறுநாள் வலி இல்லை. படி இறங்கிய மறுநாள்தான் தொடையில் கைவைக்க முடியவில்லை. ஏறுவதுதானே கஷ்டம்?

இயன்முறை_அக்கா:

ஆச்சி, அருமையான கேள்வி. பள்ளத்தூர் அண்ணனின் லாக்டிக் ஆசிட்டுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கிக்கொண்டே உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது. மூச்சுக்கு அது சுலபம், ஆனால் ஒவ்வோர் இழைக்கும் விழும் இழுவிசை அதிகம். பழகாத தசை அப்படி நீண்டு தாங்கினால் உள்ளே நுண்ணிய சிதைவுகள் ஏற்படும், அதைத் தொடர்ந்து அழற்சி. வலி உடனே வராது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சம் தொட்டுத் தணியும். லாக்டேட், அதாவது அண்ணன் சொல்லும் லாக்டிக் ஆசிட், அதிகம் சேர்வது மூச்சு முட்டும் வேலையில், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாள் வலிக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது.

இரண்டாவது தடவை அதே படிகளில் இறங்கினால் வலி பாதிகூட இருக்காது. ஒரே அனுபவத்தில் தசை தன்னைக் காத்துக்கொள்ளக் கற்றுவிடுகிறது, அந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நிற்கும். ஆகவே தைப்பூசத்துக்குச் சில வாரம் முன்னாலேயே குன்றக்குடி மலைப்படியில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பழகுங்கள் ஆச்சி. வலி வந்தால்தான் தசை ஏறும் என்பதும் உண்மையில்லை. பழகிய விளையாட்டு வீரர் பெரிய வலியே இல்லாமல் தசை ஏற்றுகிறார்.

தேவகோட்டை_ஆச்சி:

நன்றாகச் சொன்னாய் தாயே. இந்த வயதிலும் ஏறுமா? அறுபதை நெருங்குகிறேன்.

இயன்முறை_அக்கா:

1990-இல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டியவர்களுக்கு 8 வாரம் பளுப்பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அடித்தளத்தில் பலம் குறைவாக இருந்ததால் சதவீதம் பெரிதாகத் தெரிகிறது, உண்மைதான். ஆனாலும் நடை மாறியது, அதுதான் முக்கியம். நடப்பது மட்டும் போதாது ஆச்சி, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதையும் தினம் செய்யுங்கள்.

குன்றக்குடி_ரெய்டர்:

ஆச்சிக்குப் பழனிக்கு வழி சொல்லிவிட்டீர்கள், எனக்கு இன்னும் பதில் வரவில்லை அண்ணே 🙂 ஓட்டமும் பளுவும் சேர்ந்தால் ஒன்றையொன்று கெடுக்குமா, கெடுக்காதா?

மைட்டோ_மணி:

இந்தக் கேள்வியை முதலில் முறையாகக் கேட்டவர் ராபர்ட் ஹிக்சன், 1980-இல். பளு மட்டும் ஒரு குழு, தாங்குதிறன் மட்டும் ஒரு குழு, இரண்டும் சேர்ந்து ஒரு குழு, 10 வாரம். இரண்டும் செய்தவர்களின் பலம் முதல் ஏழு வாரம் வரை பளுக்குழுவோடு ஒட்டியே ஏறியது. அப்புறம் தேங்கி, கடைசியில் சற்று இறங்கியது. தாங்குதிறனில் மட்டும் அவர்களுக்கு நஷ்டமே இல்லை. தம்பி கதையும் அச்சு அசல் இப்படித்தான். ஆனால் அவர் கொடுத்த பயிற்சி கடுமையானது, வாரத்தில் 5 நாள் பளு, 6 நாள் ஓட்டமும் சைக்கிளும். சாதாரண ஆளுக்கு அப்படியே பொருத்தக்கூடாது.

பின்னாளில் செல்லுக்குள் ஒரு விளக்கம் கிடைத்தது. நெடுநேர வேலையில் ஆற்றல் குறையும்போது ஏஎம்பிகே என்ற புரதம் விழித்து, பிஜிசி-1 ஆல்ஃபா என்ற இன்னொரு புரதம் வழியாக மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கச் சொல்கிறது. பளு தூக்கும்போது எம்டார் என்ற வேறொரு புரதம் விழித்து, புதுப் புரதம் கட்டச் சொல்கிறது. முன்னது பின்னதை அடக்கும். காசு குறைந்த வீட்டில் மாடி கட்டும் வேலையை நிறுத்திவைப்பது போல. கேட்க அழகாக இருக்கிறது. மனிதத் தசையில் அவ்வளவு சுத்தமாக நடப்பதில்லை என்பதுதான் என் கருத்து. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், இரண்டையும் சேர்த்துச் செய்தாலும் தசை அளவும் உச்ச பலமும் குறையவில்லை. குறைந்தது ஒன்றே ஒன்று, வெடித்துக் கிளம்பும் வேகம். அதுவும் முக்கியமாக, ஒரே வேளையில் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தவர்களுக்கு.

தம்பி "ஓடி முடித்த கையோடு" என்று எழுதியதைத் திரும்பப் படியுங்கள்.

பள்ளத்தூர்_ஜிம்:

நான் சொன்னதுதானே? ஓட்டம்தான் வில்லன்.

மைட்டோ_மணி:

வில்லன் இல்லை அண்ணே, இடம்தான் தப்பு. இந்த இடத்தில் பி.டி. சார் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது.

ஒரு ரெய்டு 30 வினாடி. அதில் உண்மையான பாய்ச்சல் சில வினாடிதான். அதற்கான ஆற்றல் தசையில் சேமித்த பாஸ்போகிரியேட்டினிலிருந்து வருகிறது, முழு வேகத்தில் அது 10 வினாடிக்குள் பெருமளவு கரைந்துவிடும். அதைத் திரும்ப நிரப்புவது யார்? மைட்டோகாண்ட்ரியா, ஆக்சிஜனை வைத்து. ஏறக்குறைய அரை நிமிடத்தில் பாதி நிரம்பும், முழுதாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம். மைட்டோகாண்ட்ரியாவும் தந்துகியும் நன்றாக இருப்பவருக்கு இது சீக்கிரம் நடக்கும். 40 நிமிட ஆட்டத்தில் பதினைந்தாவது ரெய்டும் முதல் ரெய்டு மாதிரி இருக்கவேண்டுமானால் தாங்குதிறன் இல்லாமல் முடியாது. ஆகவே ஓட்டத்தை அடியோடு விடுவது தப்பு. தினமும் ஒரே நிதானத்தில் 8 கிலோமீட்டர் ஓடுவதுதான் தேவையில்லை.

ஓய்வு_பிடி_சார்:

இதைத்தான் நாற்பது வருஷமாகச் சொல்கிறேன், மைட்டோகாண்ட்ரியா என்று பேர் வைத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சிறாவயல்_சின்னவன்:

மணி அண்ணே, நான் பிளஸ் டூ. மஞ்சுவிரட்டுக்குத் தயாராகிறேன். மெது இழையை வேக இழையாக மாற்ற முடியுமா? எச்சில் அனுப்பினால் மரபணு பார்த்துச் சொல்கிறார்களாமே?

மைட்டோ_மணி:

காசை மிச்சம் பண்ணு தம்பி. அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் ஏசிடிஎன்3 என்ற மரபணு. வேக இழைக்குள் இருக்கும் ஒரு புரதத்தை அது உண்டாக்குகிறது. உலகில் நூறு கோடிப் பேருக்கு மேல் அந்தப் புரதமே இல்லை, அவர்கள் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள். உலகத் தரக் குறுந்தூர ஓட்டக்காரர்களிடையே அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் உனக்கு மாடு பிடிக்க வருமா என்று அது சொல்லாது.

இழை மாறுவதைப் பற்றி: வேக இழைகளுக்குள்ளேயே 2எக்ஸ் இலிருந்து 2ஏ-வுக்கு மாறுவது சுலபமாக நடக்கும். மெதுவிலிருந்து வேகத்துக்கு மாறுவது பயிற்சியால் பெரிதாக நடப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், பளு தூக்கினாலும் 2எக்ஸ் குறையத்தான் செய்யும். 2000-இல் வந்த ஒரு டேனிஷ் ஆய்வில் மூன்று மாதப் பளுப்பயிற்சிக்குப் பின் தொடையில் 2எக்ஸ் வகைப் புரதம் 9 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது. பயிற்சியை நிறுத்தி மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 17. ஆரம்பத்தில் இருந்ததைவிடக் கூடுதல்!

சிறாவயல்_சின்னவன்:

அப்போ மூன்று மாதம் படுத்துத் தூங்கிவிட்டு வாடிவாசலுக்குப் போகலாம் போலிருக்கே 😄

இயன்முறை_அக்கா:

அப்படிப் படுத்துவிட்டு வருகிறவர்களைத்தான் ஒவ்வொரு பொங்கலுக்கும் என் சிகிச்சைக் கட்டிலில் பார்க்கிறேன். அந்த ஆய்விலேயே தசையின் பருமன் திரும்பச் சுருங்கிவிட்டது என்பதையும் மணி சொல்லியிருக்கலாம். மைட்டோகாண்ட்ரியா அதைவிடச் சீக்கிரம் போகும். பயிற்சியை நிறுத்தினால் ஒரு வாரத்திலேயே சேர்த்ததில் பெரும்பங்கு கரைய ஆரம்பிக்கும்.

யாரும் பேசாத ஒன்று தசைநாண். தசையை எலும்போடு கட்டும் அந்த நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, மாற்றம் மெதுவாகத்தான் வரும். தசை இரண்டு மாதத்தில் பலமாகிவிடும், நாண் பல மாதம் பின்தங்கும். புதுப் பலத்தோடு செம்மண்ணில் குதித்துக் குதித்து முழங்கால் சில்லுக்குக் கீழே வலியோடு வருகிற பையன்கள் எல்லாம் இந்த இடைவெளியில் மாட்டியவர்கள். கனமான எடை, நிதானமான வேகம், விடாத மாதங்கள், நாணுக்குப் பிடித்தது இதுதான்.

அப்புறம் பின்தொடை. ரெய்டர் பாய்ந்து திரும்பும்போது கிழிவது அதுதான். முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை முன்னால் மெதுவாகச் சாய்த்து இறக்கும் நார்டிக் பயிற்சியை வாரம் இரண்டு முறை செய்யுங்கள். அதைச் சேர்த்த அணிகளில் பின்தொடைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆச்சி படி இறங்குகிற அதே வகை வேலை, தசை நீண்டுகொண்டே தாங்குவது. ஜிம் எதுவும் வேண்டாம், கணுக்காலைப் பிடிக்க ஒரு தோழன் போதும்.

பள்ளத்தூர்_ஜிம்:

புரோட்டீனுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

இயன்முறை_அக்கா:

தசை ஏற்ற நினைப்பவருக்கு ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும், அதற்கு மேல் பெரிய லாபமில்லை என்பது 2018 தொகுப்பாய்வு. தம்பிக்கு 110 கிராம் அளவு. ஒரு முட்டையில் 6, சமைத்த கோழிக்கறி 100 கிராமில் 25-க்கு மேல். பருப்பு, கொண்டைக்கடலை, பால், தயிர் எல்லாம் சேர்ந்தால் எட்டிவிடலாம். நம் ஊர் விருந்தில் கோழிக்குப் பஞ்சமில்லை, எண்ணெயைத்தான் கொஞ்சம் பார்க்கவேண்டும். பவுடர் வசதிக்குத்தான், மருந்து கிடையாது. மாவுச்சத்தையும் குறைக்காதே தம்பி, கிளைகோஜன் காலியான தொடையால் பாய முடியாது.

மட்டுறுத்துநர்:

எந்தப் பிராண்ட் பவுடர் வாங்கலாம் என்று கேட்டு வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனித் திரி இருக்கிறது.

குன்றக்குடி_ரெய்டர்:

எல்லாரும் சொன்னதை வைத்து இப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். பளு வாரம் மூன்று நாள், காலையில், ஓடாமல். எடை கனம், எண்ணிக்கை குறைவு, எழும்போது முழு வேகம். நீள ஓட்டம் வாரம் ஒரே நாள். இன்னும் இரண்டு நாள் மாலையில் மைதானத்தில் 30 வினாடி வேக ஓட்டம், நடுவில் ஓய்வு. நார்டிக் இரண்டு முறை. சார், சம்மதமா?

மைட்டோ_மணி:

நன்றாக இருக்கிறது. இரண்டு சேர்க்கை. பளு நாளில் மாலையில் கபடி இருந்தால் நடுவில் ஆறு மணி நேரமாவது விடு, மதியச் சாப்பாட்டைத் தள்ளாதே. 30 வினாடி ஓட்டத்தில் பாய்ச்சலுக்குத் தனியாக வேலை கிடைக்காது, களைப்புதான் கிடைக்கும். பயிற்சியின் ஆரம்பத்தில், கால் புதிதாக இருக்கும்போது, ஐந்து வினாடிப் பாய்ச்சல்கள் சில, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு மூன்று நிமிட முழு ஓய்வு.

ஓய்வு_பிடி_சார்:

நடுவில் மூன்று நிமிடம் சும்மா நிற்கச் சொன்னால் எங்கள் பையன்கள் போனை எடுத்துவிடுவார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பார்ப்போம். தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்துக்கு வா, நடுக்கோட்டிலிருந்து போனஸ் கோடு தொட்டுத் திரும்புவதை வாட்ச் வைத்து எடுக்கிறேன். ஆறு வாரம் கழித்து மறுபடி எடுப்போம். குறையவில்லை என்றால் ஊருணிதான்.

மைட்டோ_மணி:

சம்மதம் சார். வாட்சில் கைவிரல் பிசகும், போனில் வீடியோ எடுத்துப் பார்த்தால் இன்னும் துல்லியமாக இருக்கும். இரண்டு தடவையும் அதே மண், அதே நேரம். முந்தின நாள் அவன் நீள ஓட்டம் ஓடியிருக்கக்கூடாது.

குன்றக்குடி_ரெய்டர்:

சனிக்கிழமை ஓட்டத்தைப் புதனுக்கு மாற்றிவிட்டேன். ஞாயிறு ஆறு மணிக்கு வந்துவிடுகிறேன் சார்.